பொட்டு வைத்த பேனல்

சினிமாவில் கதாநாயகன் கட்டிலைக் கவிழ்த்துப்போட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். வில்லனின் ஆட்கள் சுட்டுத் தள்ளுவார்கள். கட்டிலெல்லாம் ஓட்டையாகும், கதாநாயகனின் சட்டை மட்டும் கசங்காது. டி.வி.யில் இப்படி ஒரு காட்சி வந்தால், "அவன் செத்து அரை மணி நேரமாச்சு, எந்திரிச்சு நடக்குறான் பாரு" என்பேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் ரிமோட்டை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். அவள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு படத்தையாவது நான் நிம்மதியாகப் பார்க்க விட்டால்தானே.

என்ன செய்வது, என் பிழைப்பு அப்படி. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. வடக்கே எல்லைப் பக்கமும் காட்டுப் பக்கமும் ஓடுகிற படை வண்டிகளுக்குக் குண்டு துளைக்காத பேனல் செய்கிறோம். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. முன்னால் வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சின்ன டைல்ஸ், அதற்குப் பின்னால் மெல்லிய இரும்புத் தகடு, அதற்கும் பின்னால் மடிப்பு மடிப்பாக அழுத்திய மஞ்சள் துணி. சொந்தக்காரர்கள் எங்கள் கம்பெனியைப் பாத்ரூம் டைல்ஸ் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். நானும் திருத்துவதில்லை.

நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். என் அப்பா தறியில் உட்கார்ந்தவர். துணி தோட்டாவைப் பிடிக்கும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்னபோது, "அப்ப நான் நெய்ஞ்ச சேலையெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுச் சிரித்தார். டைல்ஸ்தான் தோட்டாவின் மூக்கை உடைக்கும், உடைந்த தூளைத்தான் துணி பிடிக்கும் என்று விளக்கினேன். அதெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

பேனலைச் சுட்டுப் பார்க்க மேற்கே மலையடிவாரத்தில் உள்ள சுடுதளத்துக்குப் போவோம். ஊரைத் தாண்டி, தென்னந்தோப்புகளைத் தாண்டி, கல்குவாரிகளுக்கு நடுவில் ஒரு பொட்டல். கடைசியில் செம்மண்ணைக் குவித்து ஒரு மேடு. சுடும் நாட்களில் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் கொடியைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். மயில்களுக்குக் கொடியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஒருவர் கையைத் தட்டிக்கொண்டே போய் அவற்றை விரட்டிவிட்டு வந்த பிறகுதான் வேலை தொடங்கும்.

சுடுவதற்கென்று அங்கே ஒரு ஏட்டு அண்ணன் இருந்தார். சாதாரணப் போலீஸ் துப்பாக்கியின் தோட்டா விரல் அளவுதான். நாங்கள் சோதிப்பது அதைவிடப் பெரிய ரகம், ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும். அந்தத் துப்பாக்கியை இரும்புச் சட்டத்தில் பூட்டிவிட்டு, சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். காதில் பஞ்சும் மேலே மூடியும் வைத்திருந்தாலும் சத்தம் நெஞ்சில் விழும்.

நான் முதன்முதலில் போன நாளில் ஏட்டு அண்ணன் எனக்குக் கண்காட்சியே நடத்திக் காட்டினார். ஒரு செங்கல் சுவர், ஒரு வேப்பந்தடி, ஒரு பழைய லாரிக் கதவு, ஒரு கருங்கல். சுவர் புழுதியாகப் போனது. தடியில் முன்னால் சின்னதாக ஓட்டை விழுந்து, பின்னால் அந்தப் பக்கமே பிய்ந்து தொங்கியது. லாரிக் கதவைத் தோட்டா பொருட்படுத்தவே இல்லை. கருங்கல் கொஞ்சம் தாங்கியது, ஆனால் அதிலிருந்து தெறித்த சில்லு எங்கள் ஜீப்பின் கண்ணாடியை எடுத்துவிட்டது.

"கெட்டியா இருக்கறது பூராம் ஒடஞ்சு போகும்மா. மண்ணு இருக்கே, அது எதுத்து நிக்காது, வழி விட்டு வழி விட்டே வந்தவன அசதியாக்கிரும்" என்றார் ஏட்டு அண்ணன். செம்மண் மேட்டைக் காட்டி, "இம்புட்டு வருசமா வாங்குது, என்னைக்காச்சும் கேட்டுச்சா?" என்றார். அவருக்கு அந்த மேட்டின் மீது ஒரு மரியாதை இருந்தது.

பேனலுக்குப் பின்னால் நாங்கள் களிமண் வைப்போம். ஓர் ஆளின் மார்பு அகலத்துக்குப் பெட்டியில் அடித்து இறுக்கிய களிமண். தோட்டா பேனலோடு நின்றுவிட்டாலும் அதன் அடி பின்னால் இறங்கும், களிமண்ணில் குழி விழும். அந்தக் குழியின் ஆழத்தை அளப்பது என் வேலை. பேனல் ஓட்டையாகவில்லை என்பதற்காக உள்ளே இருக்கிற ஆள் பிழைப்பான் என்று சொல்லிவிட முடியாது. குழி ஆழமாக இருந்தால் விலா எலும்பு போகும், ஈரல் போகும். இந்தக் கணக்கையெல்லாம் முகத்தில் ஒன்றும் காட்டாமல் செய்யப் பழகியிருந்தேன்.

பிறகு முகத்தில் காட்ட உள்ளேயும் ஒன்றும் இல்லாமல் போனது. என் கணவர் பழங்காநத்தத்தில் எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் இல்லை. கடைக்காரர் அந்தத் தக்காளியை மறக்காமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். நான் அந்தத் தக்காளியை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். வீடு முழுக்க ஆட்கள் அழுதுகொண்டிருந்தபோது நான் செய்த வேலை அதுதான்.

அழுகை வரவில்லை. அடக்கிக்கொள்ளவில்லை, வரவே இல்லை. நாத்தனார் என் காதுபடவே, "கல்லு மாதிரி உக்காந்திருக்கா" என்றாள். உண்மையில் எனக்கு அவள் மீது கோபம்கூட வரவில்லை. பதினாறாம் நாள் பொட்டை எடுத்தார்கள், பூவை எடுத்தார்கள். யாருக்கோ நடப்பதைப் போல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நாக்கிலும் ருசி போய்விட்டது. காபியும் ஒன்றுதான், கஷாயமும் ஒன்றுதான். கைப்பழக்கத்தில் சமைத்தேன். மகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். என் சமையலைக் குறை சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

அந்த நாட்களில் என்னை உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தது கம்பெனியில் டைல்ஸ் அடுக்கும் அக்கா. செக்கானூரணிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவள் மகன் மத்திய படையில் டிரைவர். காரியம் முடியும்வரை பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தாள். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. தட்டில் சோற்றைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள். "அழுகாட்டிப் போ த்தா. சாப்புடு" என்பாள். தட்டு காலியாகும்வரை நகர மாட்டாள்.

வேலைக்குத் திரும்பிய பிறகும் மதியம் அவளோடுதான் சாப்பாடு. என் குழம்பு அவளுக்கு, அவள் பொரியல் எனக்கு. அவள் தூக்குவாளியில் வெறும் சோறு எப்போதும் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். காட்டு வேலை பார்த்த உடம்பு, பசி அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைப்பது பல வருடங்களாக என் பொறுப்பாக இருந்தது. அவர் போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜையில் நான் பின்வரிசையில் நின்றேன். சூடத் தட்டு எல்லோரிடமும் வந்தது. எனக்கு முன்னால் வந்ததும் தட்டை வைத்திருந்தவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம். அடுத்த வருடம் பூஜைக்கு முந்தின நாள் அக்கா என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு நீ வராத த்தா. நீ வந்து ஓரமா நிக்கறதப் பாக்க எனக்கு மாட்டாது. பொட்டெல்லாம் நான் வச்சுக்கிறேன்."

"சரிக்கா" என்றேன். எனக்கு வலித்ததா என்று கேட்டால், இல்லை. லீவு கிடைத்தது என்று துணி துவைத்தேன்.

பூஜைக்கு முந்தின நாள் மாலை கம்பெனியிலிருந்து கிளம்புவதற்கு முன் என் வேலையை ஒழுங்காகத்தான் முடித்திருந்தேன். பூஜை விடுமுறை முடிந்ததும் பசை போட வேண்டிய டைல்ஸ் தட்டுகள் தயாராக இருந்தன. ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு பெரிய தட்டு, அதில் டைல்ஸ்களை முதுகு மேலே தெரியும்படி அடுக்கி, தின்னர் போட்டுத் துடைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி வைப்போம். துடைத்த பிறகு விரல்கூடப் படக்கூடாது. விரலின் எண்ணெய் பட்டாலே பசை பிடிக்காது. பசை பிடிக்காத இடத்தில் டைல்ஸுக்கு முதுகில் ஆதரவு இருக்காது. தோட்டாவின் மூக்கை உடைக்க வேண்டிய டைல்ஸ், தான் முதலில் உடைந்துவிடும். இதைக் கம்பெனியில் எல்லோரிடமும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறேன். தாளைப் போர்த்தி, சரி பார்த்தாயிற்று என்று சீட்டு ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த முறை மழையும் பந்தோபஸ்து வேலையும் சேர்ந்து சுடுதளத்தில் எங்களுக்கு நாள் கிடைக்கவில்லை. வழக்கமாகச் சுட்டுப் பார்த்து, நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாரி கிளம்பும். வண்டிகள் காத்து நிற்கின்றன என்று வடக்கேயிருந்து போன் மேல் போன். "வருசக்கணக்கா பண்றதுதான, என்ன ஆகிறப் போகுது" என்று சொல்லி முதலாளி லாரியை அனுப்பிவிட்டார். சோதனைக்கென்று சில பேனல்களை மட்டும் நிறுத்திக்கொண்டோம். மற்றதெல்லாம் போய் வண்டிகளில் மாட்டியாகிவிட்டது என்றும் தகவல் வந்தது.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு நாள் கிடைத்தது. முதலாளியும் வந்திருந்தார். முதல் பேனலைச் சட்டத்தில் நிறுத்தி, களிமண் பெட்டியைப் பின்னால் வைத்து, ஏட்டு அண்ணன் நடுவைக் குறிவைத்துக் கயிற்றை இழுத்தார். போய்ப் பார்த்தபோது களிமண்ணில் குழி இல்லை. பின்பக்கம்வரை சுரங்கம் போல ஓட்டை. என் கை உள்ளே போய் வெளியே வரும்போல் இருந்தது. இத்தனை வருடத்தில் எங்கள் பேனல் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

"ஒத்தப் பேனல் எப்பவாச்சும் இப்பிடி ஆகும். இன்னொண்ண வைங்க" என்றார் முதலாளி.

இரண்டாவது பேனலை வைத்தோம். சட்டத்தில் அது கொஞ்சம் தள்ளி நின்றது. தோட்டா நடுவிலிருந்து ஒரு சாண் விலகி விழுந்தது. பேனல் தாங்கியது. களிமண்ணில் மேலோட்டமான குழிதான். முதலாளியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அம்புட்டுத்தேன், பாஸ் போட்டுருங்கம்மா. மொதல் பேனல்ல டைல்ஸ் சரியில்ல, டைல்ஸ்காரன்கிட்ட பேசிக்கிறேன்" என்றார்.

நான் உளியை எடுத்து ஓட்டையான பேனலை அங்கேயே பிரித்தேன். உடைந்த ஒரு டைல்ஸ் சில்லு பசை ஒட்டாமல் தானாகக் கழன்று கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தேன். வெள்ளை முதுகில் பாதிப் பொட்டு. குங்குமச் சிவப்பு, கீழே சந்தனம். விரலால் தடவினேன், எண்ணெய்ப் பிசுக்கு. பிறகு தாங்கிய பேனலையும் பிரித்தேன். அதிலும் நடுவில் ஒரு முழுப் பொட்டு இருந்தது. தோட்டா அதன் மேல் விழவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் புரிந்துவிட்டது. வெறும் சந்தனம் காய்ந்தால் உதிர்ந்துவிடும் என்று மெஷின் பொட்டுக்கு ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைப்பது எங்கள் கம்பெனி வழக்கம். நானும் அப்படித்தான் குழைத்திருக்கிறேன். ஆனால் மெஷினோடு நிறுத்திக்கொள்வோம். பசை போட்ட பையனைக் கூப்பிட்டுப் போனில் கேட்டேன், டைல்ஸில் பொட்டு இருந்ததா என்று. "இருந்துச்சுக்கா, எல்லாத் தட்டுலயும் நடுவுல ஒண்ணு" என்றான். ஏன் துடைக்கவில்லை என்றேன். "சாமிக்கு வச்ச பொட்டக்கா. தின்னரப் போட்டு எப்பிடித் தொடைக்கிறது?" என்றான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. கம்பெனியில் வேறு யாராக இருந்தாலும் துடைத்திருக்க மாட்டார்கள். என் நெற்றியில் இருந்ததைத்தான் கூச்சமில்லாமல் துடைப்பார்கள்.

முதலாளியிடம் டைல்ஸைக் காட்டினேன். போன பேனல் எல்லாவற்றிலும் இது இருக்கிறது, திருப்பி எடுக்க வேண்டும் என்றேன். அவர் டைல்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு வச்சா?" என்றார். சொன்னேன். சொல்லாவிட்டால் அவர் டைல்ஸ்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு இருப்பார், வண்டிகள் ஓடிக்கொண்டு இருக்கும். அக்காவைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று நெஞ்சு பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. களிமண்ணில் குழி ஆழம் இவ்வளவு என்று சொல்வது போலத்தான் சொன்னேன். அப்போது எனக்கு என்மீதே லேசாகப் பயம் வந்தது.

முதலாளி நல்லவர்தான். அங்கேயே போனை எடுத்து, வண்டிகளை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் அக்கா இனி கம்பெனிக்குள் கால் வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அதை அவளிடம் சொல்லும் வேலையும் என்னிடம் வந்தது. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. பொட்டு வைத்த இடத்தில் பசை ஒட்டவில்லை, பொட்டின் மேல் விழுந்தால் தோட்டா உள்ளே போய்விடுகிறது, எல்லாப் பேனலையும் திருப்பி எடுக்கிறார்கள் என்றேன். வேலை போனதையும் சொன்னேன். வேலை போனது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"எல்லாத்துலயும் ஒண்ணுதேன் வச்சேன்" என்றாள். கையில் இருந்த கடலையை உடைக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தாள். "டிரைவர் கதவுக்குப் போற தட்டு எனக்குத் தெரியும்ல. ஒரு மூல வெட்டியிருக்கும், கண்ணாடிக்கு. அதுக்கு மட்டும் பெருசா வச்சேன்."

உருட்டிய கடலையை முறத்தில் போட்டாள்.

"அளந்து பாத்து வச்சேன் த்தா. அவென் உக்காந்தா நெஞ்சு எங்க வரும்னு பாத்து, அந்த எடத்துல."

 அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகம். தக்காளியை ஃபிரிட்ஜில் வைத்த அன்று கண்ணாடியில் பார்த்திருந்தால் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. என்ன செய்வதென்று தெரியாமல் அவளோடு உட்கார்ந்து கடலை உடைத்தேன்.

மகனின் போன் கிடைக்கவில்லை. அவன் இருந்த இடத்தில் டவர் வருவதும் போவதுமாக இருக்கும், வழக்கம்தான். ஆனால் அக்கா காலையில் எழுந்ததும் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருமுறை என்று போட்டுக்கொண்டே இருந்தாளாம். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாளாம். நானும் அலுவலகத்தில் இருந்து வடக்கே போட்டுப் போட்டுக் கேட்டேன். நிறுத்தச் சொல்லியிருக்கிறோம், சில வண்டிகள் வெளியே போயிருக்கின்றன, திரும்பியதும் கழற்றிவிடுவோம் என்றார்கள். வெளியே போன வண்டிகளை யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. ராத்திரி தூங்கினேனா என்றால், நன்றாகத் தூங்கினேன். அக்கா தூங்கியிருக்க மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. பிறகு சொன்னாள்.

"பேசிட்டான். வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டாய்ங்களாம். இவென வெங்காயம் உரிக்க விட்டுருக்காய்ங்களாம். எந்த நாயி செஞ்ச கதவோ, நான் இங்கன அழுதுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்னு வையிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா உரிடான்னேன்."

பேனல்கள் லாரியில் திரும்பி வந்தன. ஒன்றிலும் தோட்டா பட்டிருக்கவில்லை. ஆனால் பொட்டுதான் காரணம் என்பதைச் சுட்டுக் காட்டினால்தான் அடுத்த ஆர்டர் என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். பெரிய பொட்டாக இருப்பதில் சுட்டால்தான் தெளிவாகத் தெரியும் என்று முதலாளி மூலை வெட்டிய பேனல் ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னார். இது அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. காலையில் நான் வேன் ஏறும்போது கம்பெனி கேட்டுக்கு வெளியே தூக்குவாளியோடு நின்றாள்.

"நானும் வாரேன்."

"வேணாங்கா. பாக்க நல்லா இருக்காது."

"நான் வச்ச பொட்டு த்தா. நான் பாக்காம யாரு பாக்குறது?"

உள்ளேதான் கால் வைக்கக் கூடாது, வேன் வெளியே நிற்கிறது என்று டிரைவரிடம் சொல்லி ஏற்றிக்கொண்டேன்.

சுடுதளத்தில் கொடி ஏறியது. மயில்களை விரட்டினார்கள். நான் களிமண்ணைப் பெட்டியில் அடித்து இறுக்கினேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அவென் அகலம் இருக்கு" என்றாள். நான் தொடர்ந்து அடித்தேன். பேனலை நிறுத்தி, அவள் காட்டிய இடத்தில் சாக்பீஸால் குறி போட்டேன். அவள் விரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டாள். ஏட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கயிற்றை இழுத்தார்.

புழுதி அடங்கியதும் அக்காதான் முதலில் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். பேனலின் குறி இருந்த இடம் இல்லை. பெட்டியில் களிமண்ணைத் துளைத்துக்கொண்டு தோட்டா பின்னால் போய்விட்டிருந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். கையை ஓட்டைக்குள் விட்டாள். முழங்கைவரை போனது.

"இம்புட்டு" என்றாள்.

கையை வெளியே எடுத்து, ஓட்டையின் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பிறகு இரண்டு கையாலும் சுற்றியுள்ள மண்ணை இழுத்து இழுத்து உள்ளே தள்ளி, அழுத்தி, தடவினாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல் மேலும் கீழும் தடவினாள். முதலாளி பதறி, "அளவு எடுக்கலியே" என்றார். அளவு எடுப்பது என் வேலை. நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். ஓட்டை விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள், போட்டோவும் எடுத்தாயிற்று, அது போதும். ஏட்டு அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

மண் சமமாகும்வரை தடவிவிட்டு அக்கா நிமிர்ந்தாள். கண்ணில் ஈரம் இல்லை. கையைக் கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். வேப்பமர நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தேன். அவள் தூக்குவாளியைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். மூடியில் சோற்றை வைத்து, என் டப்பாவிலிருந்து குழம்பை ஊற்றி, அவள் முன்னால் நகர்த்தினேன்.

"அழுகாட்டிப் போங்கக்கா. சாப்பிடுங்க" என்றேன்.

என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். இரண்டாவது வாயை உருட்டி, என்ன நினைத்தாளோ, என் வாய்க்கு நேராக நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். மென்றேன். வாய் கரித்தது. விழுங்க முடியாத அளவுக்குக் கரித்தது.

"உப்பு கூடிப்போச்சுக்கா" என்றேன்.

அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னைக்குத்தேன் தெரியுதா ஒனக்கு? அவரு போனதுலருந்து இப்பிடித்தேன கொண்டு வார."

"சொல்லியிருக்கலாம்ல."

"என்னத்தச் சொல்ல? அதுக்குத்தேன் வெறுஞ்சோறு கூடக் கொண்டாரேன்ல."

தூக்குவாளியில் மீதமிருந்த வெறும் சோற்றை என் குழம்பில் கொட்டிப் பிசைய ஆரம்பித்தாள். அவள் நகக்கண்ணில் களிமண் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு, அந்தப் பொட்டலில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். அக்கா திரும்பவில்லை, தேற்றவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.